வளையம் போட்டு அனுப்புறவங்க

வாங்க சார், வாங்க. ஏணியில நடுப்படி கொஞ்சம் ஆடும், காலைப் பாத்து வைங்க. கீழ ஹால்ல உக்காந்தும் பேசலாம், ஆனா இது தீனி நேரம். நான் வரலன்னா இதுங்க என்னைச் சும்மா விடாது. இந்த ஸ்டூல் சுத்தம்தான், உக்காருங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கினு புறாக் கூண்டுக்கிட்ட வந்திருக்கீங்க, தைரியசாலி சார் நீங்க. பையனுக்கு நீங்க தாய்மாமான்னு புரோக்கர் சொன்னாரு. தாய்மாமா வந்து விசாரிக்கிறதுதான் சார் முறை. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

கீழ கேட்டீங்கல்ல, பொண்ணு எம்.எஸ்ஸி. படிச்சிருக்கே, ஏன் வேலைக்குப் போவலன்னு. என் சம்சாரம் குமாரி பதில் சொல்லாம சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. அவ அப்படித்தான், முக்கியமான நேரத்துல எழுந்து போயிடுவா. அதான் உங்களை மேல கூட்டியாந்தேன். நான் ஒளிச்சு மறைச்சுப் பேசற ஆளு இல்ல சார். வியாசர்பாடியில எந்த லேத்துப் பட்டறையில வேணா போய் துலுக்காணம் எப்படின்னு கேளுங்க. கையும் சுத்தம், வாயும் சுத்தம்னு சொல்லுவாங்க.

இதுங்க எல்லாம் ஹோமர் சார். ரேஸ் புறா. விஜயவாடாவுல கொண்டுபோய் விட்டா, அன்னிக்கே இந்த மொட்டை மாடியில வந்து நிக்கும். குஞ்சா இருக்கும்போதே கால்ல வளையம் போட்டுடுவோம், வளர்ந்தப்புறம் கழட்ட முடியாது. வளையத்துல நம்பர் இருக்கும். எந்தக் கூட்டத்துல பறந்தாலும் இது துலுக்காணம் வூட்டுதுன்னு தெரியும். என் பொண்ணு மோனிஷா இந்தக் கூண்டுக்கிட்டதான் வளந்துது. புறாவைப் புடிக்க நான்தான் சொல்லிக் குடுத்தேன். பறவைப் படிப்பு படிக்கிறேன்னு அது சொன்னப்போ எனக்கு சந்தோசம்தான். நம்ம கிட்ட வந்தது எங்க போவும்னு நெனச்சேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் வந்து, "அப்பா, பழவேற்காடு பக்கம் மூணு நாள் பயிற்சி நடக்குது. குருவிங்களைப் புடிச்சு, வளையம் போட்டு, எடை பாத்து விடுறது எப்படின்னு சொல்லித் தருவாங்க. நான் அங்க உதவிக்குப் போறேன். நீயும் வாயேன்"னு கேட்டுது. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. எனக்கு வளையம் போடச் சொல்லித் தராங்களாம்! "நான் அங்க வந்து கத்துக்கறதா, கத்துக் குடுக்கறதா?"ன்னு கேட்டேன். "நீ எதுவும் செய்யாட்டி பரவால்லப்பா. நான் இன்னா செய்றேன்னு வந்து பாரு, அது போதும்"னுது. ஒரு வாரம் கெஞ்சுச்சு சார். ஏன் அவ்ளோ கெஞ்சுதுன்னு எனக்கு அப்போ புரியல. சரி, புள்ளைக்கு நம்மளை அங்க பெருமையா காட்டணும்போலன்னு நெனச்சு, பட்டறையைப் பூட்டிட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கினு போனேன்.

அங்க எல்லாத்துக்கும் தலைவி ரேணுகாதேவி மேடம். டாக்டர். ஊசி போடற டாக்டர் இல்ல, பறவைங்களைப் பத்திப் படிச்ச டாக்டர். பயிற்சிக்கு வந்தவங்க காலேஜ் பசங்க, ஒரு பல் டாக்டர், ஐ.டி. கம்பெனியில வேலை செய்ற புருசன் பொண்டாட்டி. மோனிஷா என்னை மேடம்கிட்ட கூட்டிக்கினு போய், "எங்க அப்பா மேடம், எனக்கு முதல்ல சொல்லிக் குடுத்தவரு"ன்னுது. மேடம் எழுந்து நின்னு வணக்கம் வெச்சாங்க. அது வரைக்கும் மரியாதையாத்தான் இருந்தாங்க.

விடிஞ்சும் விடியாம சவுக்குத் தோப்புக்கும் நாணலுக்கும் நடுவுல வலை கட்டினாங்க. மீன் வலை மாதிரி நெனச்சுக்காதீங்க. தலைமுடி மாதிரி மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. பறந்து வர்ற குருவி அதுல முட்டி, கீழ இருக்கிற மடிப்புல விழுந்து படுத்துக்கும். அதை இழை இழையா பிரிச்சு வெளிய எடுக்கணும். எடுத்துத் துணிப்பையில போட்டு மேசைக்குக் கொண்டாரணும். மேசையில வளையம் போட்டு, றெக்கையை ஸ்கேல் வெச்சு அளந்து, எடை பாத்து விட்டுடுவாங்க. அவ்ளோதான் சார் அவங்க தொழிலு.

மொத நாள் எங்க யாரையும் உசுருள்ள குருவியைத் தொட விடல. துணியில பஞ்சு அடைச்சுத் தெச்ச குருவியை வலையில சிக்க வெச்சுட்டு, எடுங்கன்னாங்க. பேரன் பேத்தி எடுக்கிற வயசுல நான் பொம்மைக் குருவியை எடுத்துக்கினு நிக்கிறேன். பல் டாக்டர் ரெண்டு நிமிசத்துல எடுத்துட்டாரு. பல்லு புடுங்கற கை, சும்மாவா. நான் எடுக்கும்போது வலை அறுந்துருச்சு. பழைய வலை சார்.

மறுநாள்தான் தகராறே. என் கையில ஒரு குருவியைக் குடுத்தாங்க. நான் எப்படிப் புடிப்பேன்? புறாவைப் புடிக்கிற மாதிரிதான் புடிச்சேன். காலு ரெண்டும் விரலுக்கு நடுவுல, கட்டைவிரல் றெக்கை மேல. மேடம் ஓடியாந்தாங்க. "ஐயா, காலை விடுங்க, முறிஞ்சுடும். கழுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வரட்டும், முதுகு உள்ளங்கையில படட்டும். இறுக்காதீங்க. அதுக்கு இடம் குடுங்க, போதும்"னாங்க. "இறுக்காம புடிச்சா பறந்து போயிடுமே மேடம்"னேன். "போனா போவட்டும் ஐயா. செத்துப்போறதுக்கு அது மேல்"னாங்க. காலேஜ் பசங்க குனிஞ்சுக்கினு சிரிக்கிறாங்க. இதுல சிரிக்கிறதுக்கு இன்னா இருக்கு, நீங்களே சொல்லுங்க.

அதுக்கு மேல ஒரு கூத்து. வெயில் ஏறிடுச்சு. பையிலேர்ந்து எடுத்த குருவி ஒண்ணு வாயைத் தொறந்துக்கினு மூச்சு வாங்குது. "இதுக்கு வளையம் வேணாம், நெழல்ல வெச்சு விட்டுடுங்க"ன்னு என்கிட்ட குடுத்துட்டு மேடம் வலைக்குப் போயிட்டாங்க. எங்க ஆளுங்க இன்னா செய்வோமோ அதைத்தான் நானும் செஞ்சேன். வாயில தண்ணியை ஊத்திக்கினு, குருவி மூக்கை என் உதட்டுக்கு நடுவுல வெச்சேன். சோந்துபோன புறாவுக்கு அப்படித்தான் சார் தண்ணி குடுப்போம், குஞ்சுக்கு தீனியும் அப்படித்தான். அந்த ஐ.டி. அம்மா திரும்பிப் பாத்துட்டு, "ஐயையோ, தின்றாரு!"ன்னு கத்திட்டாங்க.

ஊரே கூடிடுச்சு. மேடம் வந்து குருவியை வாங்கிக்கினாங்க. "மூச்சுக்குழாய்ல தண்ணி போயிட்டா இன்னா பண்ணுவீங்க?"ன்னு எல்லார் எதிர்லயும் சத்தம் போட்டாங்க. நெழல்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்தப்புறம் அது பறந்து போச்சு. நான் குடுத்த தண்ணிதான், ஆனா ஒருத்தர்கூட ஒத்துக்கல. மோனிஷாதான் ஓடியாந்து, "பழக்கத்துல செஞ்சுட்டாரு மேடம், நான் சொல்லி வெச்சிருக்கணும், என் தப்பு"ன்னு எனக்காக மன்னிப்பு கேட்டுது. அப்புறம் என் சட்டையில ஊத்தியிருந்த தண்ணியைத் துடைச்சு விட்டுது. எனக்கு அவமானமாப் போச்சு சார். நான் பெத்தது எனக்காக மன்னிப்பு கேக்குது.

சரி, அதை விடுங்க. எனக்குப் புரியாதது வேற. மத்தியானம் சாப்பிடும்போது மேடம்கிட்ட கேட்டேன், "இந்த வளையம் போட்ட குருவிங்க எப்போ திரும்பி வரும்?" மேடம் சொல்றாங்க, "பெரும்பாலும் வராதுங்க ஐயா. ஆயிரத்துல ஒண்ணு எங்கியாவது யார் கண்ணுலயாவது படும்." "அப்போ வளையம் எதுக்கு மேடம்?" "எங்க போவுது, எப்படி வாழுதுன்னு தெரிஞ்சுக்கத்தான்." நான் சோத்தைப் பிசைஞ்சேன். திரும்பி வராத ஒண்ணுக்கு வளையம் போட்டு, எடை பாத்து, பத்திரமா அனுப்பி வெக்கிறாங்களாம்! அதுவும் ஒவ்வொரு தடவையும் குருவி கையை விட்டுப் போனதும் இவங்க கை தட்றாங்க. வந்தா கை தட்டுவோம் சார் நாங்க. போறதுக்கு யாராவது கை தட்டுவாங்களா?

கடைசி நாள் காலையில வலையில ஒரு வாலாட்டிக் குருவி விழுந்துது. தலையெல்லாம் மஞ்சளு. பாத்தா, கால்ல ஏற்கெனவே வளையம். போன வருசம் இதே தோப்புல இவங்களே போட்டது. எல்லாரும் குதிக்கிறாங்க, மேடம் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் விடுவனா? "பாத்தீங்களா மேடம், வந்துடுச்சு பாருங்க. அதுக்குத் தெரியும் அது வூடு எதுன்னு"ன்னேன். மேடம் சிரிச்சுக்கினே, "இது வூடு இல்லீங்க ஐயா. குளிருக்கு இங்க வருது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது எல்லாம் லடாக் பக்கம்"னாங்க. வந்துட்டுப் போற எடம் ஒண்ணு, குஞ்சு பொரிக்கிற எடம் ஒண்ணா? ரெண்டு வூடு வெச்சிருக்கிறதுன்னா அது நல்ல குருவியே இல்லன்னு நெனச்சுக்கினேன். வாய விட்டுச் சொல்லல, அதுக்கு முன்னாடிதான் திட்டு வாங்கியிருந்தேன்.

அந்த வாலாட்டியை வலையிலேர்ந்து எடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? மோனிஷாதான். ஒரு காலு நல்லா முறுக்கிக்கினு இருந்துது, பல் டாக்டரே கை வைக்க பயந்துட்டாரு. மோனிஷா போய் நின்னுது. ஒரு இழை, இன்னொரு இழை, அவ்ளோதான், குருவி கையில. ஒரு இறகுகூட கலையல. அது கையில குருவி பயப்படவே இல்ல சார், கண்ணை முழிச்சு சுத்திப் பாத்துக்கினு இருந்துது. பக்கத்துல நின்ன ஐ.டி. அம்மாவோட புருசன்கிட்ட, "என் பொண்ணு"ன்னு சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

வளையம் நம்பரைப் பாத்து, எடை பாத்தாச்சு. மேடம் பெரிய மனசு பண்ணி, "அப்பாகிட்ட குடு மோனிஷா, அவரே விடட்டும்"னாங்க. இந்தத் தடவை சரியாத்தான் புடிச்சேன், கழுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல. எல்லாரும் கை தட்ட ரெடியா நிக்கிறாங்க. நான் கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தேன். உள்ளங்கையில அதோட நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. "விடுங்க ஐயா"ன்னாங்க. விடுறேன் விடுறேன்னேன். மோனிஷா கிட்ட வந்து, "அப்பா"ன்னு மெதுவா கூப்ட்டு, என் விரலை ஒண்ணு ஒண்ணா பிரிச்சு விட்டுது. குருவி போயிடுச்சு. கை தட்டினாங்க. நான் தட்டல.

அன்னிக்கு சாயங்காலம், எல்லாரும் கம்பத்தைப் புடுங்கி வலையைச் சுருட்டிக்கினு இருக்கும்போது, மோனிஷா என்னை சவுக்குமரத்துக்கு அந்தாண்ட கூட்டிக்கினு போச்சு. "அப்பா, மேடம் லடாக்குல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கிறாங்க. ரெண்டு வருசம். சம்பளம் உண்டு, தங்க எடம் உண்டு. ஒரே ஒருத்தரைத்தான் எடுப்பாங்க. என்னைத்தான் கேப்பாங்கன்னு நெனைக்கிறேன். அதுக்குத்தான் உன்னை இங்க கூட்டியாந்தேன். நான் செய்ற வேலை இன்னான்னு நீ கண்ணால பாத்தப்புறம் கேக்கலாம்னு. நீ சரின்னு சொன்னாத்தான் போவேன்பா"ன்னுது.

எனக்குப் பயமாப் போச்சு சார். சொல்லிக்கிறதுல வெக்கம் இல்ல. லடாக் எங்க இருக்குது? வரைபடத்துல உச்சந்தலையில இருக்குது. பனி. மூச்சுகூட சரியா வாங்க முடியாதாம். அது இல்லாத வூட்டுல நானும் குமாரியும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்கினு இன்னா பண்ணுவோம்? பட்டறையிலேர்ந்து வந்தா நான் யார்கிட்ட பேசுவேன்? இதெல்லாம் மனசுல ஓடுது. ஆனா அது மூஞ்சியைப் பாத்தா, சின்னப் புள்ளையா இருக்கும்போது பஞ்சுமிட்டாய்க்காரன் மணிச் சத்தம் கேட்டா ஒரு மூஞ்சி வெக்கும், அதே மூஞ்சி. வேணாம்னு சொன்னா அழுதுடும். அது அழுதா எனக்குத் தாங்காது சார், அவ்ளோ செல்லம். "சரிம்மா, போய்ட்டு வா"ன்னு சொல்லிட்டேன்.

என்னைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. அத்தனை பேர் பாக்கிறாங்கன்னுகூட பாக்கல.

அது துணிப்பையெல்லாம் அலசிப் போட போனப்போ, நான் மேடம்கிட்ட போனேன். "மேடம், ஒரு விசயம். மோனிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வெக்கப்படுது. லடாக்குக்கு நீங்க கேட்டா, மறுக்க முடியாம சரின்னுடும். அப்புறம் அந்தப் பக்கமும் பேஜாரு, இந்தப் பக்கமும் பேஜாரு. நீங்களே வேற யாரையாவது பாத்துக்குங்க"ன்னேன். மேடம் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. "மோனிஷா ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னாங்க. "அதான் மேடம் வெக்கம்." "நிச்சயமாவா ஐயா?" "தேதியே குறிச்சாச்சு மேடம்." அப்புறம் மேடம், "இத்தனை வருசத்துல இந்த மாதிரி கையை நான் பாத்ததில்ல ஐயா"ன்னாங்க. என் பொண்ணு கையை சார்! எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துது தெரியுமா? வர்ற வழியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கினு வந்தேன்.

வூட்டுக்கு வந்து ரெண்டு வாரம் மோனிஷா கால் தரையில படல. சந்தைக்குப் போய் கம்பளி சொக்கா வாங்கியாந்துது. நம்ம ஊரு வெயில்ல அதைப் போட்டுப் பாத்துக்கினு கண்ணாடி முன்ன நிக்குது. குமாரியும் கூட சேந்துக்கினு சிரிக்கிறா. நான் ஒண்ணும் சொல்லல. சந்தோசமா இருக்கட்டுமே.

அப்புறம் ஒரு நாள் இங்கதான், இதே கூண்டுக்கிட்டதான் நின்னுக்கினு இருந்துது, மேடம் போன் பண்ணாங்க. நான் தொட்டியில தண்ணி மாத்திக்கினு இருந்தேன். அது பேசினது மட்டும் கேட்டுது. "சொல்லுங்க மேடம்"னுது. அந்தப் பக்கம் மேடம் சொன்னதைக் கேட்டுக்கினே திரும்பி என்னைப் பாத்துது. கல்யாணமெல்லாம் நிச்சயம் ஆவலன்னு அங்கயே சொல்லிடுச்சுன்னா என் மரியாதை இன்னா ஆவுறது? அது இன்னா சொல்லுச்சு தெரியுமா? "ஆமா மேடம். அப்பா பாத்த எடம்தான். தேங்க்ஸ் மேடம்." வெச்சுடுச்சு. அதுதான் சார் வளர்ப்பு. அப்பனை விட்டுக் குடுக்கல பாருங்க.

வெச்சப்புறம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. "என்கிட்டயே வேணாம்னு சொல்லியிருக்கலாமேப்பா. நான் போயிருக்க மாட்டேனே." அவ்ளோதான். கத்தல, அழுவல. கீழ எறங்கிப் போயிடுச்சு. நீங்களே பாருங்க, போயிருக்க மாட்டேன்னு அதுவே சொல்லிடுச்சு. அப்போ நான் பண்ணதுல தப்பு இன்னா இருக்கு? அந்த வேலைக்கு அப்புறம் ஒரு காலேஜ் பையனை எடுத்தாங்களாம். துணிக்குருவியையே தலைகீழா எடுத்தவன் அவன்.

அடுத்த வாரமே புரோக்கர்கிட்ட ஜாதகத்தைக் குடுத்துட்டேன். ஒருத்தர்கிட்ட வாக்கு குடுத்தா அது பொய்யாவக் கூடாது இல்ல சார்? தேதி குறிச்சாச்சுன்னு மேடம்கிட்ட சொல்லியிருக்கேன், நாளைக்கு அவங்க பத்திரிகை எங்கன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கினு நிப்பேன்? உங்க வூட்டுப் பையனுக்கு அம்பத்தூர்ல கம்பெனி வேலைன்னு கேட்டதுமே எனக்குப் புடிச்சுப் போச்சு. இங்கேர்ந்து ஒரே பஸ்ஸு. நெனச்சா போய்ப் பாத்துட்டு வந்துடலாம். இதான் சார் விசயம். வேலை கெடைக்காம வூட்டுல இல்ல என் பொண்ணு. கெடைச்ச வேலையை வேணாம்னுட்டு இருக்குது. உங்க வூட்டுல தைரியமா சொல்லலாம்.

இன்னா சார், எழுந்துட்டீங்க? காபி குடிச்சுட்டுப் போலாம், உக்காருங்க. இன்னா கேட்டீங்க? பொண்ணுக்கு சம்மதமான்னா?

சார், நான் ஒண்ணு சொல்றேன். வேற எடத்துலேர்ந்து பெரிய புறா ஒண்ணு வாங்கியாந்தா, ஒடனே பறக்க விட மாட்டோம். விட்டா பழைய எடத்துக்கே ஓடிடும். அதனால றெக்கையைக் கட்டிடுவோம். வெட்டுறது இல்ல சார், பாவம், அதெல்லாம் நான் செய்ய மாட்டேன். மெல்லிசா நூலைச் சுத்தி, வலிக்காம கட்டுறதுதான். மொதல்ல மூலையில போய் உக்காந்துக்கும். தீனி எடுக்காது, சத்தம் குடுக்காது, கிட்ட போனா மூஞ்சியைத் திருப்பிக்கும். பாக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். நாம அவசரப்படக் கூடாது. என்னிக்குத் தானா வந்து தீனி எடுக்குதோ, அன்னிக்கு நம்ம கூண்டை ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நூலை அவுத்து விட்டாலும் எங்கியும் போவாது.

மோனிஷா இன்னிக்குக் காலையில ஒரு இட்லி சாப்ட்டுது சார்.